மனநோய் வைத்தியரிடம் செல்வது மானக்கேடா?

காய்ச்சல் கண்டவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்கிறோம். கால் ஒடிந்தவனைத் தோளிலே தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். பாம்பு தீண்டியவனுக்காக நள்ளிரவிலும் லொறி தேடி அலைகிறோம். ஆனால், மனம் ஒடிந்தவனை மாத்திரம் காம்பராவின் உள்ளே வைத்துக் கதவைச் சாத்துகிறோம். நம் வாயையும் பொத்திக்கொள்கிறோம். இஃது ஏன்? மனமும் உடம்பின் ஒரு பகுதிதானே? அதற்கு நோய் வராது என்று எந்தச் சாத்திரம் கூறிற்று?

இக்கேள்வியை ஊரைப் பார்த்து நான் கேட்கவில்லை. முதலில் என்னைப் பார்த்தே கேட்டுக்கொண்டேன். அப்படிக் கேட்க நேர்ந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். சம்பந்தப்பட்டவர் இன்னாரென்று தெரியாதவாறு சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், சாரம் உண்மை.

சில ஆண்டுகளுக்கு முன், லுணுகலையைச் சூழ்ந்த தோட்டங்களுள் ஒன்றிலிருந்து தொழிலாளர் ஒருவர் என்னிடம் வழக்குத் தொடுக்க வந்தார். பக்கத்துக் காம்பராக்காரன் இரவிலே கூரை வழியாக நச்சுப் புகை விடுகிறானாம். சுவருக்கப்பாலிருந்து ஓயாமல் தன்னைத் திட்டுகிறானாம். செய்வினை வைத்துத் தன் குடியைக் கெடுக்கிறானாம். பொலிசுக்கு இருமுறை போயும் பயனில்லை என்பதால் நீதிமன்றம் போகவேண்டும் என்றார். அவர் பேசி முடிக்கும்வரை மனைவி பின்னால் நின்றுகொண்டிருந்தார். புறப்படும்போது தாழ்ந்த குரலில், "ஐயா, அவுங்க தூங்கி ரெண்டு மாசமாச்சுங்க" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்திலே வழக்கு முழுவதும் அடங்கிவிட்டது. இதற்கு மருந்து சட்டப் புத்தகத்தில் இல்லை என்பது எனக்கு விளங்கிற்று. அதற்குள் அக்குடும்பம் கோடாங்கி பார்த்திருந்தது, முடிகயிறு கட்டியிருந்தது, கிடா வெட்டியிருந்தது. தாலி ஒன்று தவிர மற்றெல்லா நகையும் அடகுக்குப் போயிருந்தது. "மனநோய் வைத்தியர் ஒருவரைப் பார்த்தால் என்ன?" என்றேன். "என்னயப் பைத்தியமுன்னு சொல்றீங்களா ஐயா?" என்று கேட்டவர் எழுந்து போய்விட்டார். நானும் விட்டுவிட்டேன். கட்சிக்காரர் போய்விட்டார், என் கடமை தீர்ந்தது என்று எண்ணினேன்.

நான்கு மாதம் கழிந்தது. ஒருநாள் மாலை அவர் கவ்வாத்துக் கத்தியை ஓங்கிக்கொண்டு பக்கத்துக் காம்பராவுக்குள் புகுந்தார். எவரும் சாகவில்லை, அது தெய்வாதீனம். பின்னர்தான் அவரை வைத்தியரிடம் அழைத்துச் செல்லும் பொறுப்பு என்மேல் விழுந்தது. வைத்தியசாலை வாயிலில் மனநோய்ப் பிரிவின் பெயர்ப்பலகையின் கீழ் நின்றபோது, தெரிந்தவர் எவரேனும் பார்த்துவிடுவாரோ என்று தலையைக் குனிந்துகொண்டேன். மேடைதோறும் மூடநம்பிக்கையைச் சாடிய வாய் அன்று ஊமையாயிற்று. படித்த வக்கீலுக்கே இத்தனை வெட்கமென்றால், அந்த ஏழைத் தொழிலாளி நான்கு மாதம் தயங்கியதில் என்ன குற்றம்? குற்றம் என்னுடையது. அவர் கேட்டுக்கொண்டு வந்த அன்றே, "நானும் கூட வருகிறேன், போவோம்" என்று சொல்லியிருக்கவேண்டும்.

இங்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். மனநோயாளர் எல்லோரும் கத்தி எடுப்பவர் அல்லர். அவர்களிற் பெரும்பாலோர் எவருக்கும் தீங்கு செய்வதில்லை. மாறாக, பிறர் கையால் தீங்கு படுகிறவர்களே அதிகம். நாதியற்றுப் பல மாதம் விடப்பட்டதன் விளைவே நான் கண்டது.

தெரியாத இடத்தைப் பற்றியே அச்சம் வளர்கிறது. ஆகவே, அந்தக் கதவுக்கு அப்பால் நடப்பது யாதென்பதை, நான் கண்டவாறும் பின்னர் கேட்டறிந்தவாறும், ஒளிவுமறைவின்றிக் கூறுகிறேன்.

முதலாவதாக, மனநோய் வைத்தியர் பூசாரியுமல்லர், நீதிபதியுமல்லர். மற்ற வைத்தியர்களைப் போல உடம்பைப் படித்துப் பட்டம் பெற்று, அதன்மேல் மனநோய்த் துறையிலே பயின்றவர். அதனால் சில வேளை அவர் முதலிற் பார்ப்பது உடம்பைத்தான். கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பி சரிவர வேலை செய்யாவிட்டாலும் சோர்வும் துயரும் வரும். இரத்தம் குறைந்தாலும் களைப்பு வரும். ஆகவே இரத்தப் பரிசோதனைக்கு எழுதுவார். "மனத்துக்கு வந்தால் இரத்தத்தை எடுக்கிறாரே" என்று வியக்கவேண்டாம்.

இரண்டாவதாக, அந்த அறையிலே சங்கிலி இல்லை; மின்சார யந்திரம் இல்லை. ஒரு மேசையும் சில நாற்காலிகளும் இருக்கின்றன. வைத்தியர் கேள்வி கேட்பார். உறக்கம் எப்படி? பசி எப்படி? வேலையிலே நாட்டம் உண்டா? முன்பு மகிழ்ச்சி தந்தவை இப்போது கசக்கின்றனவா? பிறர் காதிற் படாத குரல் உமக்கு மாத்திரம் கேட்கிறதா? எவரேனும் தீங்கு செய்யச் சூழ்கிறார் என்று தோன்றுகிறதா? குடிப்பதுண்டா? எவ்வளவு? குடும்பத்திலே முன்பு எவருக்கேனும் இத்தகைய நோய் இருந்ததா? பிள்ளை பெற்ற பெண்ணாயின், பேறுகாலத்துக்குப் பின் மனம் எப்படி இருந்தது என்றும் கேட்பார். இவை குறுக்கு விசாரணை அல்ல. காய்ச்சற்காரனுக்கு வெப்பமானி எப்படியோ, மனநோய் வைத்தியருக்குக் கேள்வி அப்படி.

"சாகவேண்டும் என்ற எண்ணம் வந்ததுண்டா?" என்றும் அவர் கேட்பார். இக்கேள்வியைக் கேட்டுக் கூட வந்தவர்கள் பதறுகிறார்கள். இல்லாத எண்ணத்தை விதைக்கிறாரே என்று கோபிக்கிறார்கள். அப்படியன்று. கேட்பதனால் எண்ணம் முளைப்பதில்லை. கேளாமல் விடுவதனாலேதான் அது மறைவில் வளர்கிறது. அக்கேள்விக்கு உண்மையாக விடை சொல்வது உயிரைக் காக்கும்.

மூன்றாவதாக, கூட வந்தவரிடமும் வைத்தியர் பேசுவார்; பின் அவரை வெளியே இருக்கச் சொல்லி நோயாளியிடம் தனித்துப் பேசுவார். கணவனோ மாமியாரோ இதனால் மனந்தாங்கல் கொள்ளலாகாது. மனைவி கணவன் முன்னே சொல்லக் கூசுவதை வைத்தியரிடம் தனியே சொல்லவேண்டியிருக்கலாம். சொன்னதை இரகசியமாகப் பேணுவது வைத்தியரின் கடமை. உயிருக்கு ஆபத்து நேரும் என்று அஞ்சினாலன்றி அதனைப் பிறரிடம் வெளியிடமாட்டார்.

நான்காவதாக, முதல் நாளே நோயின் பெயர் தெரிந்துவிடும் என்று எதிர்பார்க்கலாகாது. இரண்டு மூன்று முறை பார்த்த பின்னரே அவர் உறுதிசெய்யக்கூடும். அரசாங்கக் கிளினிக்கிலே கூட்டம் அதிகம். கிடைக்கும் நேரமோ கொஞ்சம். எனவே போவதற்கு முன், எப்போது தொடங்கியது, உறக்கம் எத்தனை மணி நேரம், என்னென்ன மருந்து உட்கொண்டார், நாட்டு மருந்து ஏதும் உண்டா என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பழைய மருந்துச் சீட்டுகளையும் எடுத்துச் செல்லுங்கள். எழுதத் தெரியாத பெற்றோருக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதிக் கொடுக்கலாம். தோட்டத்து ஆசிரியர் எழுதிக் கொடுக்கலாம்.

ஐந்தாவதாக, மருந்து. மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரை தலைவலி மாத்திரை போல ஒரு மணி நேரத்தில் வேலை செய்யாது. பயன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சில வேளை அதற்கு மேலும் ஆகும். ஆனால் வாய் வறட்சி, மயக்கம், வயிற்றுக் குமட்டல் போன்ற தொல்லைகளோ முதல் வாரத்திலேயே வந்துவிடும். பலர் பிழை செய்யும் இடம் இதுவே. "மருந்து நோயை மாற்றவில்லை, நோயைக் கூட்டிற்று" என்று எறிந்துவிடுகிறார்கள். எறியலாகாது; வைத்தியரிடம் போய்ச் சொல்லவேண்டும். அவர் அளவைக் குறைப்பார், அல்லது வேறு மருந்து தருவார். சுகமான பின்னும் மனச்சோர்வு மருந்தை ஆறு மாதமேனும் தொடரவேண்டும் என்பது பொதுவிதி. குரல் கேட்கும் நோய்க்கு அதனினும் நெடுங்காலம் வேண்டும். நித்திரைக் குளிசைகளுட் சில பழக்கத்துக்கு அடிமையாக்குவன. அவற்றை வைத்தியர் சொன்ன அளவுக்கும் நாளுக்கும் மேல் உண்ணலாகாது. சிலருக்கு மருந்தே வேண்டியதில்லை. முறையாகப் பயின்றவரோடு பல வாரம் பேசிப் பேசியே தெளிவு பெறுகிறார்கள்.

ஆறாவதாக, எல்லோரையும் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள் என்பது பொய். வருகிறவர்களிற் பெரும்பாலோர் அன்றே வீடு திரும்புகிறார்கள். சிலர் சில நாளோ சில வாரமோ தங்குகிறார்கள். மின்சார வைத்தியம் என்று மக்கள் நடுங்குகிறார்களே, அது கடுஞ்சோர்வு போன்ற சில நிலைகளில் மயக்க மருந்து கொடுத்துச் செய்யப்படும் ஒரு சிகிச்சை, தண்டனை அன்று.

இனி, வக்கீல் என்ற முறையில் நான் விடை சொல்லவேண்டிய அச்சம் ஒன்றுண்டு. "பைத்தியக்காரப் புத்தகத்திலே பேர் பதிந்தால் என் கதி என்ன?" என்று நம்மவர் கேட்கிறார்கள். பதிவேட்டைக் கண்டு நம் மக்கள் அஞ்சுவதற்குக் காரணம் இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் ஒரு சமூகத்தையே பதிவேட்டிலிருந்து வெளியே தள்ளிற்று. எஞ்சியோருக்கு அவ்வுரிமை முழுதாகக் கிடைக்க 2003ஆம் ஆண்டின் சட்டம்வரை காத்திருக்க நேர்ந்தது. எழுதப்பட்ட பெயராலும் எழுதப்படாத பெயராலும் அடிபட்ட சமூகம் இது. ஆயினும் இந்த இடத்திலே அச்சம் வேண்டியதில்லை. கிளினிக்குக்குப் போனதனால் மாத்திரம் எவரும் சட்டத்தின் கண்ணில் சித்தசுவாதீனம் அற்றவர் ஆகிவிடமாட்டார். ஒருவர் தம் சொத்தைத் தாமே பராமரிக்க இயலாதவர் என்று முடிவு செய்வது மாவட்ட நீதிமன்றம். அதுவும் விசாரணை செய்த பின்னரே. அரசியலமைப்பின் 89ஆவது உறுப்புரை வாக்குரிமையை நீக்குவதும் சட்டப்படி சித்தசுவாதீனம் அற்றவரென்று தீர்மானிக்கப்பட்டவருக்கே. மாத்திரை வாங்க வரிசையில் நின்றவருக்கு அன்று. உறுதி எழுதலாம், வாக்களிக்கலாம், வேலைக்குப் போகலாம், கல்யாணமும் முடிக்கலாம்.

இன்னுமொரு பழைய அச்சம்: தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பொலிசு பிடிக்கும் என்பது. தண்டனைச் சட்டக் கோவையின் 302ஆவது பிரிவு ஒரு காலத்தில் அதனைக் குற்றமாக வைத்திருந்தது உண்மை. 1998ஆம் ஆண்டிலே அப்பிரிவு நீக்கப்பட்டுவிட்டது. அத்தகையவர் இன்று குற்றவாளி அல்லர். வைத்தியம் பெறவேண்டிய நோயாளி. இதனை ஒவ்வொரு லயத்திலும் சொல்லுங்கள். பழைய சட்டத்தின் நிழலுக்கு அஞ்சித் தாமதித்து ஓர் உயிரும் போகலாகாது.

விவசாயிகள் இதனை நன்கு சிந்திக்கவேண்டும். 1995ஆம் ஆண்டளவில் இந்நாட்டிலே இலட்சம் பேருக்கு 47 பேர் வீதம் தற்கொலையால் மாண்டனர். உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களுள் ஒன்று அது. அவற்றிற் பெரும்பங்கு பயிருக்கென்று வாங்கிய கிருமிநாசினியால் நேர்ந்தது. கொடிய நஞ்சுகள் 1984 முதல் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. அதன் பயனாக 2005ஆம் ஆண்டளவில் அவ்வீதம் பாதியாகக் குறைந்தது. அதே கடன், அதே வறட்சி, அதே குடும்பத் துயர் அன்றும் இருந்தன. ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் மரணம் இல்லாதபோது பல்லாயிரவர் பிழைத்தனர். இதனால் விளங்குவது யாது? சாகத் துணியும் எண்ணம் ஓர் அலை; அது எழும், தணியும். அது தணியும்வரை ஒருவர் அருகிருந்து காத்தால், அவர் வாழ்வார். எனவே நஞ்சைப் பூட்டிவையுங்கள். திறப்பை மற்றொருவரிடம் கொடுங்கள். மனநல உதவிக்கு 1926 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் பேசலாம் என்பதை எல்லோருக்கும் அறிவியுங்கள்.

கோவிலுக்குப் போவதை நான் குறை கூறவில்லை. வேண்டுதல் மனத்துக்கு ஆறுதல் தருமாயின் தரட்டும். ஆனால் வேண்டுதல் சங்கிலியாக மாறலாகாது. தமிழ்நாட்டில் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியிலே நடந்தது நினைவிருக்கிறதா? தர்காவை நாடி வந்த மனநோயாளரை வைத்திருந்த விடுதி ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையிலே தீப்பிடித்தது. கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்கள் பகைவர் அல்லர், பெற்றோரும் உடன்பிறந்தாருமே. அன்பு இருந்தது, அறிவு துணை நிற்கவில்லை. இத்தனைக்கும், இந்நோயைத் தணிக்கும் குளோர்ப்ரோமசின் என்னும் மருந்து 1952ஆம் ஆண்டிலேயே பாரிஸ் நகரில் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. அதற்கு முன்னரே, 1931இல், நம் சர்ப்பகந்தா மூலிகை சித்தப் பிரமைக்குப் பயன்படுவதை இந்திய வைத்தியர் இருவர் எழுதி வெளியிட்டனர். மருந்து அரை நூற்றாண்டாக இருந்தும் மனிதனைச் சங்கிலியிற் பிணைத்தோம் என்றால் அது விதியா? நம் மௌனமே அல்லவா?

அரசாங்கத்தையும் இங்கு விட்டுவிட இயலாது. 1912ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் சட்டம் முதற்கொண்டு தோட்டத் தொழிலாளியின் உடம்பைக் கணக்கிலெடுத்தார்கள். கொழுந்து பறிக்கும் கை ஓயலாகாது என்பதால் காய்ச்சலுக்கும் கொக்கிப்புழுவுக்கும் மருந்து தந்தார்கள். அவன் மனத்தை எவரும் கணக்கிலெடுக்கவில்லை. 2005ஆம் ஆண்டிலே நாட்டுக்கென ஒரு மனநலக் கொள்கை வகுக்கப்பட்டது; அங்கொடையை நோக்கியே ஓடவேண்டிய நிலை மாறி, மாவட்டந்தோறும் சிகிச்சை கிடைக்கவேண்டும் என்று அது கூறிற்று. நல்லது. ஆனால் மனநோய்ச் சிகிச்சைக்கு மொழியே கருவி. கால் முறிவை மொழியின்றியும் காணலாம்; கலங்கிய மனத்தை மொழியின்றிக் காண்பது எங்ஙனம்? தமிழிலே அழுகிறவனின் துயரைச் சிற்றூழியர் ஒருவர் அரைகுறையாக மொழிபெயர்த்தால், வைத்தியரின் காதிற் சேர்வது எவ்வளவு? 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தத்தின்படி, அரச அலுவலரோடு தமிழிலே தொடர்புகொள்ளும் உரிமை ஊவாவிலும் நமக்கு உண்டு. ஆகவே, மலையக மாவட்டங்களின் மனநோய்ப் பிரிவுகளில் தமிழ் பேசும் வைத்தியரும் தாதியரும் வேண்டும். கிளினிக் தோட்டங்களுக்கு அண்மையில் நடைபெறவேண்டும். 2022இன் நெருக்கடியிலே நேர்ந்தது போல மருந்து அறுந்துபோகலாகாது. கிளினிக்குக்குச் சென்ற நாளுக்குத் தொழிலாளியின் பேர் வெட்டப்படலாகாது. இவை பிச்சை அல்ல, உரிமை.

உரிமை கேட்கும் நாம் நம் கடமையையும் கேட்டுக்கொள்வோம். வள்ளுவர் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள் வகுத்தார்: நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிருந்து பேணுபவர். முதல் மூன்றையும் ஆஸ்பத்திரியிலே சேர்த்துவிடலாம். நான்காவதை எந்த அரசாங்கமும் அனுப்பாது. அது நாமாகத்தான் இருக்கவேண்டும். தோட்டத் தலைவர்களே, சம்பளப் பிரச்சினைக்குத் துரையிடம் கூட நடக்கிறீர்கள். கிளினிக்குக்கும் கூட நடவுங்கள். ஆசிரியர்களே, உத்தியோகத்தர்களே, உங்களிலே பலர் உறக்கமிழந்தும் சொல்லாமல், சிலர் போத்தலிலே மறைத்தும், சிலர் தொலைதூர நகரத்துக்கு இரகசியமாய்ச் சென்றும் நாளைக் கழிக்கிறீர்கள். நீங்கள் ஒருவர் வெளிப்படையாகச் சென்று வந்து, "நானும் போனேன்" என்று சொன்னால், உங்களைப் பார்த்து நூறு ஏழைகள் போவார்கள்.

அந்தத் தொழிலாளி என்ன ஆனார் என்று கேட்பீர்கள். சில வாரங்களில் சுவருக்கு அப்பாலிருந்த குரல் தணிந்தது. ஓராண்டின் பின், சுகமாகிவிட்டதென்று தாமாகவே மாத்திரையை நிறுத்தினார், குரல் திரும்பிற்று. மறுபடியும் தொடங்கி இன்றுவரை தொடர்கிறார். முற்றும் குணமென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இரவிலே உறங்குகிறார். காலையிலே பெரட்டுக்குப் போகிறார். அடகிலிருந்த நகையிலே பாதி வீடு திரும்பிவிட்டது. சென்ற மாதம் எனக்கு நீதிமன்ற வேலை இருந்ததால் கிளினிக் நாளில் கூடப் போக இயலவில்லை. பசறை வழியாகப் பதுளைக்குப் போகும் பஸ்ஸிலே அவருக்குத் துணையாக ஏறியவர், அந்தப் பக்கத்துக் காம்பராக்காரர்.

கத்தியைக் கண்ட மனிதர் அவர். அவரே கூடப் போனார் என்றால், நமக்கென்ன தயக்கம்?